கிணற்றுக்குக் கீழே கடல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு மருத்துவப் பேச்சு. சலரோகம், இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், எதையாவது பேசுங்கோ என்றார்கள். அவை முக்கியந்தான். ஆனால் அவற்றைப் பற்றி உங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் நாள்தோறும் விடியற்காலையில் யாரோ ஒருவர் இலவசமாக அறிவுரை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் தண்ணீரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். வைத்தியருக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று குழுவில் ஒருவர் சிரித்தார். இருக்கிறது.

இந்தப் பேச்சுக்குக் காரணம் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள். ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ இங்கே படித்த ஓர் அக்கா எடுப்பார். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற மனம் நிறைந்த அழைப்பு அது. "தங்கச்சி, அம்மான்ர நினைவா ஊரில ஒரு குழாய்க்கிணறு அடிச்சுக் குடுக்கப் போறம். எத்தினை அடி போனால் நல்ல தண்ணி வரும்?" என்று கேட்பார்.

வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். மடத்துவெளியில், புங்குடுதீவில் எங்கேயும், நயினாதீவில், நெடுந்தீவில் கேட்டால் விடை தலைகீழாக இருக்கிறது. எங்கள் மண்ணில் ஆழமாகப் போகப் போக நல்ல தண்ணி வராது. கடல்தான் வரும். அந்த அக்கா அனுப்பும் பணம் தண்ணீர் தராமல் போவது ஒரு நட்டம். பக்கத்து வளவுக்காரரின் நல்ல தண்ணிக் கிணற்றையும் அது சவராக்கிவிடலாம் என்பது அதைவிடப் பெரிய நட்டம். இதை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட, எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்களுக்கு ஆறில்லை. குடாநாட்டில் வழுக்கையாறு என்று ஒன்று பெயருக்கு உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தீவுகளில் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் எங்கள் வருடம் முழுவதற்குமான வருமானம். அந்த மழை மண்ணுக்குள் இறங்குகிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பார்த்தால் உறுதியான கல். ஆனால் உள்ளே வெடிப்பும் துளையும் பொந்தும் நிறைந்தது. மழைநீர் அதற்குள் வழிந்து இறங்கும். கடல்நீரும் அதே வெடிப்புகளால் நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே வரும். தீவுக்கு அடியில் கடல் இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. எங்கள் வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, இந்தப் பள்ளிக்கூடக் கிணறு எல்லாவற்றுக்கும் கீழே கடல் நிற்கிறது.

அப்படியென்றால் நல்ல தண்ணி எப்படி இருக்கிறது? மிதக்கிறது. உவமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே மிதக்கிறது.

ஒரு லீற்றர் நல்ல தண்ணீரின் நிறை ஏறத்தாழ 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசந்தான் எங்கள் தீவுகளில் மனிதர் குடியிருக்க முடிந்ததற்குக் காரணம். விதைநெல் தெரிவு செய்யும்போது உப்புக் கரைத்த தண்ணீரில் முட்டை மிதக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அதே விதி. பாரம் குறைந்தது மேலே நிற்கும். பிள்ளைகள் இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் நிறம் கலவுங்கள். பிறகு ஒரு கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் தனித்தனித் தட்டாக நிற்கும். அம்மா கரண்டியை எங்கே என்று தேடும்வரை நிற்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. 25 என்பது 1,000இல் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே நிலத்தடியில் நல்ல தண்ணீரின் மேல்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணி இருக்க முடியும். அரை அடி உயர்ந்தால் 20 அடி. பனிக்கட்டி மிதக்கும்போது பெரும்பகுதி தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பதுபோலத்தான். தீவின் நடுப்பகுதியில் இந்த நல்ல தண்ணித் தட்டு தடிப்பாக இருக்கும், கரையை நோக்கிப் போகப் போக மெலிந்து கடலோடு முடிந்துவிடும். புத்தகங்களில் இதை வில்லை என்று எழுதுவார்கள். எனக்கு அது ஓர் இட்டலி மாதிரி. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு, அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட நன்றாகத் தொங்கிய இட்டலி.

இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதி வைத்தவர் பாடோன் கைபன் என்ற ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர். அவரைத் தெரியாமலே 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியர் வடகடல் தீவுகளின் கிணறுகளைப் பார்த்து அதே விடைக்கு வந்தார். இரண்டு பேருடைய பெயராலும் அந்த விதி இன்று அழைக்கப்படுகிறது. ஒல்லாந்தர் எங்களை 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள், நெடுந்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரையும் வைத்தார்கள். எங்கள் கிணறுகளைப் பார்த்திருந்தால் இந்த விதியை நூறு வருடம் முன்னரே கண்டுபிடித்திருக்கலாம்! எங்கள் பாட்டிமாருக்கு விதி தெரியாது, ஆனால் விளைவு தெரியும். குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு, பயிருக்கு ஒரு துரவு. குடிக்கிற கிணற்றை ஆழமாக வெட்ட விடமாட்டார்கள். புத்தூர் நிலாவரைக்குச் சுற்றுலா போன ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆழம் காணமுடியாத கிணறு என்று காட்டுவார்கள். அங்கேயும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி. எங்கள் பகுதி முழுவதற்கும் அது ஒரு சன்னல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒன்றுக்கு நாற்பது என்பது உச்ச வரம்பு, உத்தரவாதம் இல்லை. குவளையில் தெரிவதுபோல மண்ணுக்குள் ஒரு கோடு கீறினமாதிரி எல்லை இருக்காது. வெடிப்புகள் வழியாகக் கடலின் ஏற்றவற்றம் நாள்தோறும் மேலும் கீழும் அசைப்பதால், நடுவில் அரைச் சவரான ஒரு கலப்பு வலயம் இருக்கும். ஒரு வளவில் நல்ல தண்ணி, வேலிக்கு அப்பால் வாயில் வைக்க முடியாத தண்ணி என்பதற்கு இந்த வெடிப்புகளின் போக்கும் ஒரு காரணம். மணல் இதைவிட நல்ல காவலாளி. வேலணைச் சாட்டித் தண்ணியின் பெயர் தீவுப்பகுதி முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் அந்தக் கரையோர மணல்தான்.

இப்போது இறைப்புக்கு வருவோம். இதுதான் இன்றைய பேச்சின் மையம்.

அதே நாற்பது, திருப்பி அடிக்கும். கிணற்றின் நீர்மட்டத்தை நீங்கள் இறைத்து 1 அடி இறக்கி, அப்படியே தொடர்ந்து வைத்திருந்தால், அடியிலுள்ள கடல்நீர் அந்த இடத்தில் 40 அடி வரை மேலே ஏற முயலும். கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணி ஒரு புற்றுப்போலக் கூம்பி எழும்பும். அந்தக் கூம்பின் நுனி கிணற்று அடியைத் தொட்டதும் கதை முடிந்தது. பலூடா குடிப்பவர்களுக்கு இது விளங்கும். அடியில் சிரப், மேலே பால். குழாயை மேலே வைத்து மெல்ல உறிஞ்சினால் பால் மட்டும் வரும். குழாயை ஆழமாக விட்டாலோ, மேலேயே வைத்து வேகமாக இழுத்தாலோ சிரப் ஏறிவரும். குழாய்க்கிணறு ஆழமாக விட்ட குழாய். மோட்டார் வேகமான இழுப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

துலாவும் பட்டையும், பிறகு வந்த கப்பியும் வாளியும் எப்படி வேலை செய்தன என்று நினைத்துப் பாருங்கள். 10 லீற்றர் வாளியால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் நிமிடத்துக்கு 20 லீற்றர். அரை மணித்தியாலத்தில் தோள் வலிக்கும், நிறுத்திவிடுவோம். நாங்கள் ஓய்வெடுக்கும்போது கிணறும் ஓய்வெடுக்கும். பக்கத்து மண்ணிலிருந்து நல்ல தண்ணி ஊறி மட்டம் திரும்பும், கூம்பும் இறங்கும். 2 அங்குலக் குழாய் பூட்டிய இறைப்பு இயந்திரம் நிமிடத்துக்குச் சில நூறு லீற்றர் இழுக்கும். அதற்குத் தோள்வலி கிடையாது. மனிதக் கையின் களைப்பே கிணற்றுக்குப் பாதுகாப்பாக இருந்தது. துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. துலா மிதித்தும் குடம் சுமந்தும் முதுகு தேய்ந்த பெண்களை நான் வைத்தியசாலையில் பார்க்கிறேன். பழைய காலத்தைப் போற்றிப் பேசுகிற ஆண்கள் எத்தனை குடம் சுமந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். மோட்டார் வேண்டும். சிறியது வேண்டும். உறிஞ்சும் குழாய் நீர்மட்டத்துக்குக் கொஞ்சமே கீழே நிற்கவேண்டும். அரை மணித்தியாலம் ஓடி, சில மணித்தியாலம் நிற்கவேண்டும். நேரம் வைத்துத் தானாக நிறுத்தும் சுவிட்ச் மோட்டாரைவிட மிகவும் மலிவு.

பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் தராவா எங்களைப் போலவே ஆறில்லாத, தட்டையான பவளத் தீவு. அவர்கள் ஆழமாகத் துளைப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட குழாய்களை நிலத்தில் கிடையாக நீளத்துக்குப் புதைத்து, பால் ஆடையை வழிப்பதுபோல நல்ல தண்ணீரை மேலாக வழித்தெடுக்கிறார்கள். ஒரே புள்ளியில் இழுக்காமல் நீளமாகப் பரப்பி இழுப்பதால் கூம்பு எழும்புவதில்லை. கிணறுதான் கட்டிக்கொடுப்போம் என்று பிடிவாதமாக நிற்கும் நன்கொடையாளருக்கு நான் இதைத்தான் காட்டுவது: ஆழத்துக்குச் செலவழிக்கும் பணத்தை அகலத்துக்குச் செலவழியுங்கள்.

ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் இறைத்து வெளியேற்றலாமே என்று கேட்பார்கள். 2004 ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையில் அதைச் செய்து பார்த்தார்கள். கடல் புகுந்த ஆயிரக்கணக்கான கிணறுகளை மனம் பொறுக்காமல் மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பும் மேலே ஏறும் என்று நிபுணர்கள் பின்னர் எச்சரித்தார்கள். கடைசியில் கழுவிக் கொடுத்தது மழைதான், அதுவும் ஒரு மாரியில் முடியவில்லை.

சரி, சவர்த் தண்ணி குடித்தால் என்ன? எங்கள் முன்னோர் குடிக்கவில்லையா? இங்கேதான் நான் என் தொழிலுக்கு வருகிறேன்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. எங்கள் சிறுநீரகத்தால் அந்த அளவு செறிவான சிறுநீரை உண்டாக்க முடியாது. ஆகவே ஒரு லீற்றர் கடல்நீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற ஒரு லீற்றருக்கும் கூடுதலான தண்ணீரை உடம்பு இழக்கவேண்டும். கடலில் தத்தளித்தவர்கள் கடல்நீர் குடித்துத் தாகத்தால் இறப்பது இதனால்தான். கிணற்றுச் சவர் அவ்வளவு கொடியது அல்ல. அது மெல்ல வேலை செய்யும். குருதியில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற ஒடுக்கமான எல்லைக்குள் நிற்கவேண்டும். அதைக் காக்க உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடித்து, தேவையானதை எல்லாம் திரும்ப உறிஞ்சி, ஒன்றரை இரண்டு லீற்றரை மட்டும் வெளியே விடுகின்றன. எந்தத் தொழிற்சாலையும் இந்த வேலையை இவ்வளவு சத்தமில்லாமல் செய்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவு. உங்கள் கிணற்று நீரில் லீற்றருக்கு 1 கிராம் உப்பு இருக்கிறது என்று வையுங்கள். வெய்யில் காலத்தில் 3 லீற்றர் குடித்தால் 3 கிராம். சோறு, குழம்பு, கருவாடு எதையும் தொடாமலே பாதிக்கு மேல் முடிந்தது. இரத்த அழுத்தம் இறங்காத ஓர் அம்மாவிடம் "கறிக்கு உப்புக் குறைச்சனீங்களோ?" என்று கேட்டால், "சத்தியமா டொக்டர், உப்பே போடுறேல்ல" என்பார். பொய் இல்லை. அதனால் தீவுப்பகுதியிலிருந்து வருபவர்களிடம் நான் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: எந்தக் கிணற்றில் குடிக்கிறீர்கள்? நாக்கு இதில் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. நாளாந்தம் குடிப்பவருக்குப் பழகிவிடும். விடுமுறையில் வந்த பேரப்பிள்ளை முகத்தைச் சுளித்தால் அதற்கு வாய் நீளம் என்று ஏசாதீர்கள். அந்த வீட்டில் சரியான அளவுகருவி அதன் நாக்குத்தான்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வங்காளதேசத்தின் கரையோரத்தில் டாக்கோப் என்ற பகுதியில் செய்த ஆய்வுகள், உப்புக் கூடிய குடிநீர் குடித்த கர்ப்பிணிகளிடம் இரத்த அழுத்தமும் அதனால் வரும் ஆபத்தான வலிப்புக்கு முந்திய நிலையும் கூடுதலாகக் காணப்பட்டதாகக் காட்டின. அந்த மண்ணும் கடல் ஏறுகிற மண்தான். ஒரு வீட்டில் நல்ல தண்ணி கொஞ்சமே இருந்தால் அதில் முதல் பங்கு யாருக்கு என்பதை மாமியார்மார் இங்கே இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்கும்போது கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் செறிவாகும். நைத்திரேற்றும் அப்படித்தான். மலசலகூடக் குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் வருவது அது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு மணலைப்போல வடிகட்டாது, குழியில் விட்டது கிணற்றுக்குப் போகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லை. கேத்தல் அடியில் படிகிற வெள்ளை, சுண்ணாம்பு. அதனால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. தண்ணீரைக் குறைத்தால்தான் கல் வரும்.

இனி எல்லோரும் கேட்கிற ஆர்.ஓ. இயந்திரம். தேசிக்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் சாறு வெளியே ஊறி வரும். தண்ணீர் எப்போதும் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, மெல்லிய சவ்வினூடாகத் தானாகவே போகும். பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்தோம். ஆர்.ஓ. அதைத் தலைகீழாக்குகிறது. உப்புப் பக்கத்திலிருந்து பலமாக அமுக்கினால் தண்ணீர் சவ்வைத் தாண்டும், உப்பு பின்னால் நிற்கும். கடல்நீருக்கு அந்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல 55 முதல் 70 மடங்கு. மோட்டார் வாகனச் சில்லில் இருப்பது ஏறத்தாழ 2 மடங்கு. இதைத் தாங்கி வேகமாகவும் வடிக்கும் சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்து பின்னர் கனடாவில் பணியாற்றிய ஸ்ரீநிவாச சௌரிராஜன். ஒட்டாவாவில் வசிக்கும் எங்கள் பழைய மாணவியருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஆலை இந்த முறையில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லீற்றர் குடிநீர் தரக்கூடியது. இத்தகைய ஆலைகளுக்கு 1,000 லீற்றருக்கு 3, 4 அலகு மின்சாரம் தேவை. அது கடலிலிருந்து எடுக்கிறது. கடல் வற்றாது. ஊரில் ஒரு மூலையில் வைக்கும் சிறிய ஆர்.ஓ. இயந்திரம் அப்படியில்லை. அது எடுப்பது கிணற்றிலிருந்து. ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஒன்றோ இரண்டோ லீற்றரைக் கழிவாகத் தள்ளும், அந்தக் கழிவு கிணற்று நீரைவிட உப்பானது. அதை இயந்திர அறைக்குப் பின்னால் நிலத்தில் விட்டால் அது சுற்றி அதே கிணற்றுக்கு வரும். சவ்வுகள் சில வருடத்தில் மாற்றப்பட வேண்டும். பெயர்ப்பலகைக்குப் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்றாம் வருடச் சவ்வுக்குப் பணம் தருகிறவரைத்தான் தேடவேண்டும். நான் ஆர்.ஓ.வுக்கு எதிரி இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் குருதி சுத்திகரிக்க ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் மிகத் தூய நீர் வேண்டும். ஆர்.ஓ. இல்லாவிட்டால் அந்த அறையை நாங்கள் திறக்கவே முடியாது.

என் மனதுக்குப் பிடித்தது இவற்றைவிடச் சாதாரணமானது. கூரையும் பீலியும் தாங்கியும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 50 சதுர மீற்றர் கூரை, வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றாலும் 40,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 25. மழையில்லாத 240 நாளுக்கு 6,000 லீற்றர். ஒரு 10,000 லீற்றர்த் தாங்கி தாராளமாகப் போதும். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், நுளம்பு புகாமல் வாயை வலையால் கட்டவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குப் பதில் டெங்கு வளர்ப்போம். மோட்டார் இல்லை, சவ்வு இல்லை, உப்பும் இல்லை. குளங்களையும் கேணிகளையும் தூர்வாருவதும், கடல் ஏறாமல் கட்டிய அணைகளின் உடைப்பை அடைப்பதும் இதே கணக்குத்தான். மாரி மழை கடலுக்கு ஓடாமல் இரண்டு மாதம் நின்று இறங்கினால் இட்டலி தடிக்கும். 1991இல் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது நான் 6ஆம் வகுப்பு. திரும்பி வந்து பார்க்கும்போது வீட்டுக் கூரை இல்லாததைக் கண்டு அழுதோம். குளக்கட்டும் அணையும் என்ன கதியில் இருக்கின்றன என்று நாங்கள் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆகவே அந்த அக்காமார் இனி எடுக்கும்போது என்னிடம் எத்தனை அடி என்று கேட்காமல், கிணற்றின் உப்பு மாரியில் எவ்வளவு, ஆடியில் எவ்வளவு என்று ஊரில் கேளுங்கள். அதை அளக்க ஆய்வுகூடம் வேண்டாம். பேனை அளவில் ஒரு கருவி வருகிறது, சில ஆயிரம் ரூபாதான். நுனியில் இரண்டு உலோக முனைகள். அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டுப் பார்க்கும். தூய தண்ணீர் மின்சாரத்தை அனேகமாகக் கடத்தாது. கரைந்த உப்பின் அயன்கள்தான் சுமந்து செல்லும். உப்புக் கூடினால் ஓட்டம் கூடும், எண் கூடும். உங்கள் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி நாங்கள் ஈசிஜி எடுக்க முடிவதும் உடம்பு முழுக்க உப்புத் தண்ணீர் என்பதால்தான். லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் நல்ல தண்ணி என்று சொல்லலாம். 1,000ஐத் தாண்டினால் குடிப்பதற்கு வேறு வழி பார்க்கவேண்டும். கிருமியையும் நைத்திரேற்றையும் இந்தக் கருவி தனியாகக் காட்டாது, அதற்குச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரி கொடுக்கவேண்டும்.

அப்படி மூன்று கருவிகளைக் கொண்டுவந்து அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் மாதத்தில் ஒரு நாள், பறுவம் கழிந்த அடுத்த திங்கட்கிழமை, பள்ளிக்கூடக் கிணற்றையும் தங்கள் வீட்டுக் கிணற்றையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுவார்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஓர் அளவு, போட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஓர் அளவு. இரண்டாவது எண் கூடியிருந்தால் அந்தக் கிணற்றில் கூம்பு எழும்புகிறது என்று அர்த்தம், மோட்டார் நேரத்தைக் குறைக்க வேண்டும். கொப்பியின் படம் பழைய மாணவியர் சங்கக் குழுவுக்கு அனுப்பப்படும். குழாய்க்கிணறு அடிக்க விரும்புவோர் அதைப் பார்த்த பிறகு எனக்குத் தொலைபேசி எடுக்கலாம், இரவு எட்டு மணிக்குப் பிறகு.